எண்ணும்போது பேசாதீர்கள்

தியேட்டரில் முகத்தின் பாதி முகமூடிக்குள் போய்விடும். விபத்துக்குப் பிறகு அது அவளுக்கு வசதியாகிவிட்டது. உள்ளே உதடுகள் ஓயாமல் அசைவது யார் கண்ணிலும் படாது.

இடுக்கி ஆறு, கத்திரி ரெண்டு, ஊசி நாலு. இடுக்கி ஆறு, கத்திரி ரெண்டு, ஊசி நாலு.

உதடு சுற்றிக்கொண்டிருக்கும்வரை எண்கள் நிற்கும். நிறுத்தினால் இரண்டு மூச்சு, மூன்று மூச்சு, அதற்குள் போய்விடும். யாராவது கேள்வி கேட்டுப் பதில் சொல்ல வேண்டி வந்தால் இன்னும் மோசம். அதே வாயைப் பதிலுக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தால் எண்கள் இருந்த இடம் ஈரத்துணியால் துடைத்தது போல் கிடக்கும். அப்போது அவள் ஒரே ஒரு சொல் சொல்வாள்.

"முதல்லேருந்து."

அதுவே பெயராகிவிட்டது. முகத்துக்கு நேரே சிஸ்டர், அக்கா. முதுகுக்குப் பின்னால் முதல்லேருந்து.

"இன்னிக்கு ரெண்டாம் தியேட்டர்ல யாரு?"

"முதல்லேருந்து."

"போச்சு. சாப்பாடு மூணு மணிக்குத்தான்."

உடை மாற்றும் அறையின் தடுப்புக்குப் பின்னாலிருந்து அவள் இதைக் கேட்டிருக்கிறாள். வெளியே வந்து, பேசிய இருவரையும் பார்த்து, "மூணரை" என்றாள்.

இருபத்திரண்டு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நின்றவள். கை கழுவி, கையுறை மாட்டி, டாக்டருக்கு எதிரே கருவித் தட்டோடு நிற்கிற சிஸ்டர். டாக்டர் கையை நீட்டும்போது கேட்கப்போகிற கருவி அதில் வந்து விழுந்திருக்கும். டாக்டர் கேட்பது, மயக்க மருந்து டாக்டர் முணுமுணுப்பது, வெளியே அடிக்கும் போன், தரையில் விழுந்த இடுக்கி, வயிற்றுக்குள் போயிருக்கும் துணி எத்தனை. எல்லாம் ஒரே நேரத்தில் தலைக்குள் நிற்கும். அதை ஒரு திறமை என்று அவள் நினைத்ததே இல்லை. மூக்கு இருப்பது போல அது இருந்தது.

ஆறு மாதத்துக்கு முன் வேலைக்கு வரும் வழியில் பஸ் சட்டென்று பிரேக் போட்டது. நெற்றி கம்பியில் மோதியது. ரத்தம்கூட அதிகம் வரவில்லை. தன் ஆஸ்பத்திரியிலேயே ஒன்பது நாள் நோயாளியாகக் கிடந்தாள். எழுந்து உட்கார்ந்தபோது பழையது எல்லாம் வைத்த இடத்தில் இருந்தது. மகள் பிறந்தபோது என்ன எடை, எந்த டாக்டருக்கு எந்த அளவுக் கையுறை, தியேட்டருக்குப் போன முதல் நாள் தானே மயங்கி விழுந்தது. இப்போது சொன்னதுதான் நிற்கவில்லை. மூன்று விஷயம்வரை தாங்கியது. நாலாவது உள்ளே வந்தால் முதலாவது சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போனது.

நரம்பு டாக்டர் சின்ன வயதுக்காரர். ஒரு தாளைப் பார்த்து எண்களைப் படித்தார்.

"நாலு, ஒன்பது, ரெண்டு, ஏழு, அஞ்சு. இதைப் பின்னாலேருந்து சொல்லுங்க சிஸ்டர்."

"அஞ்சு, ஏழு..." அதற்கு மேல் வெள்ளைச் சுவர்.

"பரவாயில்லை. நாலே நாலு. ஆறு, ஒண்ணு, எட்டு, மூணு."

"மூணு, எட்டு, ஆறு."

அவர் எழுதிக்கொண்டார்.

"டாக்டர், இருபத்திரண்டு வருஷத்துல என்னை யாரும் பின்னாலேருந்து எண்ணச் சொன்னதில்லை."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுதினார்: எளிய பணி மட்டும்.

வீட்டில் முகமூடி கிடையாது. உதடு அசைவதை மகள் பார்த்துவிடுவாள். பதினைந்து வயது, எதையும் விடமாட்டாள்.

"அம்மா, யாரோட சண்டை?"

"யாரோடவும் இல்லை. அடுப்பு, மாடித் துணி, உன் டிபன் பாக்ஸ். அடுப்பு, மாடித் துணி, உன் டிபன் பாக்ஸ்."

"அப்பாவோட சட்டை பட்டன்?"

"போச்சு. இப்ப என்ன சொன்னேன் முதல்ல?"

கணவன் லிஃப்ட் மெக்கானிக். நாற்காலியில் சாய்ந்தபடி தீர்ப்பு சொன்னான்: "எட்டு பேர் லிஃப்ட்டுன்னு எழுதியிருந்தா, ஒன்பதாவது ஆள் காலை வெச்சதும் மணி அடிக்கும். கதவு மூடாது. உங்க அம்மா மூணு பேர் லிஃப்ட். நாலாவது ஆள் ஏறினா, மணி அடிக்காம ஏற்கெனவே நிக்கிற ஆளைத் தள்ளி விட்டுட்டுக் கிளம்பிடுது. அதான் கோளாறு."

"அப்ப மணியை மாட்டிக் குடுங்க."

"தலைக்கு மணி மாட்டுற கம்பெனி இன்னும் வரலை."

அவள் பட்டனைத் தைத்து முடித்தாள். பிறகு நூலைக் கடித்து அறுத்துவிட்டு, "மணியை நானே அடிச்சுக்கறேன்" என்றாள்.

மூன்று மாத ஓய்வுக்குப் பிறகு மேட்ரன் அவளை மடிக்கிற அறைக்கு அனுப்பினார். அடித்தளத்தில், கொதிகலன் அறைக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத நீள அறை. நடுவில் தகர மேஜை. பேல் பேலாக வரும், ரத்தம் ஒற்றும் காஸ் துணியைத் துண்டு போட்டு, நாலாக மடித்து, பத்து பத்தாக அடுக்கி, நாடாவால் கட்டி, மேலே ஒரு சீட்டு செருக வேண்டும். சீட்டில் தேதியும், கட்டியவருடைய குறியும். ஒருத்திக்குப் புள்ளி, ஒருத்திக்குச் சாய்வுக் கோடு. அவள் முக்கோணம் போட்டாள். கட்டுகள் ஆவியில் வெந்து கிருமி நீங்கி, தியேட்டர் அலமாரிக்குப் போகும். ஒரு மாதம்வரை செல்லும்.

அங்கே புள்ளிக்காரிதான் மூத்தவள். கணக்குப்புலி என்று பெயர். ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை என்பதே அவள் பெருமை.

"பத்துல கை தானா நின்னுடும். நாலு பேர் குடும்பக் கதையும் கேட்கலாம், கட்டும் போடலாம். நீ என்ன இப்படி வாய்க்குள்ளேயே வழக்கு நடத்துறே?"

"என் கை பதினஞ்சுலயும் நிக்காதுக்கா."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் படியேறி மேட்ரன் அறைக்கு வெளியே போய் நின்றாள். என்ன என்று கேட்டால், "தியேட்டர்" என்பாள். ஆறாவது திங்கட்கிழமை மேட்ரன் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒரு மாசம். ஒரே ஒரு கவுண்ட் தப்பானாலும் அன்னிக்கே கீழே போயிடணும். நான் கேள்வி கேட்க மாட்டேன்."

"நீங்க கேட்க வேண்டாம் மேடம். எண்ணும்போது யாரும் எதையும் கேட்காம இருந்தா போதும்."

கவுண்ட் என்பது இதுதான். உடம்பைத் திறக்கும் முன் கருவி, ஊசி, துணி எல்லாவற்றையும் இரண்டு சிஸ்டர்கள் சத்தமாக எண்ண வேண்டும். ஒருத்தி கை கழுவி மேஜையில் நிற்பவள். அவள் பேனாவைத் தொட முடியாது. இன்னொருத்தி வெளியே நிற்பவள். சுவரில் இருக்கும் வெள்ளைப் பலகையில் அவள் எழுதுவாள். நடுவில் துணி கூடுதலாக வாங்கினால் அதையும் எண்ணி எழுத வேண்டும். மூடும் முன் மறுபடி எண்ண வேண்டும். உள்ளே போனதெல்லாம் வெளியே வந்திருக்க வேண்டும். இடையில் யாராவது பேசினால் முதலிலிருந்து. இது அவள் கண்டுபிடித்த விதி அல்ல. சட்டமிட்டு அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறது. எல்லாரும் தாண்டிப் போகிற சட்டம். அவளால் மட்டும் தாண்ட முடியாது.

வெளியே நிற்பவளுக்கு ரேடியோ என்று பெயர். பேச ஆரம்பித்தால் நிறுத்தும் குமிழ் கிடையாது. நல்ல பெண். முதல் வாரம் ரேடியோவால்தான் பதினாலு தடவை முதல்லேருந்து.

"அக்கா, மூச்சு விடலாமா?"

"சத்தம் வராம விடு."

இருபத்துமூன்றாம் நாள் காலை, பெரிய டாக்டரின் கேஸ். வயிற்றுக்குள் கட்டி. நோயாளி தையல் கடை வைத்திருக்கும் பெண். மயக்க மருந்து ஏறும் முன் மேஜையில் படுத்தபடி, "டாக்டர், தையல் ஒழுங்கா இருக்கணும். பிரிச்சுப் போட்டுத் திரும்பத் தைக்கச் சொல்லிடுவேன்" என்று மிரட்டிவிட்டுத் தூங்கிப்போனாள். எல்லாரும் சிரித்தார்கள்.

தொடக்கத்தில் இரண்டு கட்டுக் காஸ். அவளும் ரேடியோவும் எண்ணினார்கள். எட்டில் பெரிய டாக்டர் தன் புது வீட்டுத் தரைக்கு என்ன கல் போடலாம் என்று மயக்க டாக்டரைக் கேட்டார். முதல்லேருந்து. இருபது. பலகையில் இருபது.

ஒரு மணி நேரம் எல்லாம் சீராகப் போனது. பிறகு கட்டியின் அடியில் ஒரு ரத்தக் குழாய் விட்டுக்கொண்டது. குழி நிரம்பியது. டாக்டரின் குரல் மாறியது. காஸ், காஸ், காஸ். அவள் கை ஓடியது. இந்த மாதிரி நேரத்தில் அவள் கைக்கு ஒரு குறையும் இல்லை. கையின் நினைவு அடிபடவில்லை. பத்து நிமிடத்தில் குழாய் கட்டப்பட்டது. பலகையில் முப்பது என்று இருந்தது.

"மூடலாம்" என்றார் டாக்டர்.

ரேடியோ நனைந்த துண்டுகளை வாளியிலிருந்து இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து இன்னொரு வாளியில் போட்டாள். இருவரும் எண்ணினார்கள்.

பன்னிரண்டில், "சிஸ்டர், லைட்டைக் கொஞ்சம் திருப்புங்க."

"முதல்லேருந்து."

இருபத்தாறில், "இன்னும் எவ்வளவு நேரம்?"

"முதல்லேருந்து."

"என்ன விளையாட்டு இது?"

அவள் பதில் சொல்லவில்லை. பதில் சொன்னால் போய்விடும். இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது. வாளி காலி.

"இன்னொரு தடவை" என்றாள். இந்த முறை தரையில் பிளாஸ்டிக் விரிப்பைப் போடச் சொன்னாள். பத்து பத்தாக வரிசை. ரேடியோ குனிந்து பரப்பினாள். முதல் வரிசை பத்து. இரண்டாம் வரிசை பத்து. மூன்றாம் வரிசையின் கடைசியில் ஒரு துண்டு அளவுக்கு வெறும் விரிப்பு தெரிந்தது. இதற்கு யாருடைய தலையும் தேவைப்படவில்லை.

"ஒண்ணு குறையுது டாக்டர்."

அவர் வயிற்றுக்குள் கைவிட்டுத் துழாவினார். எல்லா மூலைகளும். "இல்லை. நீடில் ஹோல்டர்."

கையை நீட்டினார். ஊசி கோத்த கருவி அவள் தட்டில் தயாராக இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக நீட்டிய கையில் எதுவும் விழவில்லை. உள்ளங்கை காற்றில் நின்றது.

"சிஸ்டர்."

"ஒண்ணு குறையுது."

"நான்தான் பார்த்துட்டேனே. ஆரம்பத்துல நீங்க தப்பா எண்ணியிருப்பீங்க. அடிபட்ட தலையை வெச்சுட்டு என் கேஸ்ல நிக்காதீங்கன்னு மேட்ரன்கிட்ட அப்பவே சொன்னேன்."

ரேடியோ பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் தப்பா எண்ணியிருக்கலாம்" என்றாள் அவள். "இல்லேன்னா அது உள்ளே இருக்கலாம். ரெண்டுல எதுன்னு தெரியாம தையல் தர மாட்டேன்." பச்சைத் துணி ஒன்றை எடுத்துத் தட்டின் மேல் மூடி, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள்.

"தர மாட்டீங்களா?"

"எக்ஸ்ரே எடுங்க டாக்டர். தரேன்."

மயக்க டாக்டர் திரைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். "எனக்கு ஒண்ணும் அவசரமில்லை. இவங்க தூங்கிட்டுதான் இருக்காங்க. எழுந்தா நம்மளைப் பிரிச்சுப் போட்டுத் தைக்கறதா சொன்னாங்க, ஞாபகம் இருக்கட்டும்."

எக்ஸ்ரே வண்டி வர இருபது நிமிடம் ஆனது. காஸ் துண்டு ஒவ்வொன்றிலும் எக்ஸ்ரேயில் தெரிவதற்கென்றே ஒரு நூல் ஓடுகிறது. அந்த இருபது நிமிடமும் அவள் கையை எடுக்கவில்லை. உதடு மட்டும் ஓடியது. இருபத்தொன்பது, உள்ளே இருக்கலாம். இருபத்தொன்பது, உள்ளே இருக்கலாம். ஒரு துண்டு உள்ளே தெரிந்தால் தன் வேலை தப்பும் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதை அவள் வெறுத்தாள். தையல்காரியின் முகத்தைப் பார்த்தாள். வாயில் குழாயோடு எதையும் நம்பித் தூங்கும் முகம்.

படம் சுத்தமாக இருந்தது. நூல் எங்கும் இல்லை.

அவள் துணியை விலக்கி, ஊசியைக் கொடுத்தாள். டாக்டர் தைத்தார். தையல் அழகாகவே வந்தது.

பிறகு பதிவேடு. கருவித் தட்டை ஒப்படைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றியதும் மேஜையில் நின்ற சிஸ்டர் அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எண்ணிக்கை: சரி அல்லது தவறு. பெரிய டாக்டர் கை துடைத்தபடி பக்கத்தில் வந்து நின்றார். கோபம் இறங்கியிருந்தது.

"சரின்னு எழுதுங்க. படத்துல ஒண்ணும் இல்லை. ஆரம்பத்துலயே இருபத்தொன்பதுதான், அவ்வளவுதான் விஷயம். பலகையில ரேடியோ ஒரு கோடு மாத்திப் போட்டா முடிஞ்சுது. உங்க ஒரு மாச விவகாரம் எனக்கும் தெரியும். நானும் வாயைத் திறக்க மாட்டேன்."

அவர் சொன்னது நல்ல எண்ணத்தில்தான். அதுதான் சங்கடம். இன்னும் ஏழு நாள் இருந்தது.

அவள் எழுதினாள். தவறு. பலகையில் முப்பது. மேஜையில் இருபத்தொன்பது. கையெழுத்து.

"உங்களுக்கு நல்லது சொன்னா பிடிக்காது" என்று டாக்டர் போய்விட்டார்.

ரேடியோ கதவு மூடும்வரை காத்திருந்தாள். அவள் குரல் ரேடியோவின் குரலாகவே இல்லை.

"அக்கா. மூணாவது கட்டை நாம எண்ணவே இல்லை."

"எப்போ?"

"ரத்தம் வந்தப்போ. நான் கட்டைப் பிரிச்சுத் தட்டுல போட்டேன். நீங்க நாடாவை அறுத்து எடுத்துக் குடுத்துட்டே இருந்தீங்க. கட்டுன்னா பத்துதானேன்னு நான் பத்து போட்டுட்டேன்."

அவள் அந்த நிமிடத்தைத் தேடிப் பார்த்தாள். ரத்தம் இருந்தது, டாக்டரின் குரல் இருந்தது. கட்டு இல்லை. எண்ணியதாகவும் இல்லை, எண்ணாததாகவும் இல்லை.

"அங்கே நிக்கும்போதே ஏன் சொல்லலை?"

"எழுதிட்டேனேக்கா. எழுதினதுக்கப்புறம் எனக்கே அது எண்ணின மாதிரிதான் இருந்தது. நீங்க தவறுன்னு எழுதுற வரைக்கும்."

அவள் குப்பைத் தட்டில் கிடந்த சீட்டுகளைப் பொறுக்கினாள். மூன்று கட்டு, மூன்று சீட்டு. ஒன்றில் புள்ளி. ஒன்றில் சாய்வுக் கோடு. ரத்தம் பட்டிருந்த மூன்றாவதில் முக்கோணம். அவள் மடிக்கிற அறையில் இருந்த கடைசி வாரத்தின் தேதி.

ரேடியோ எட்டிப் பார்த்தாள். "இது யாருக்கா?"

"நான்."

"அய்யோ. கிழிச்சுப் போடுங்கக்கா."

"எதுக்கு? நாளைக்கு நான் மறந்துட்டா நீயாவது ஞாபகம் வெச்சுக்கோ." சீட்டை ரேடியோவின் சட்டைப் பையில் செருகினாள். "அலமாரியில இதே தேதியில எத்தனை கட்டு இருக்கு?"

ரேடியோ அலமாரியைத் திறந்து எண்ணினாள். "பதினேழு."

"எல்லாத்தையும் எடு."

மேட்ரன் செய்தி கேட்டு வந்தபோது, தியேட்டர் அலமாரிக்கு எதிரில் இருந்த நீள மேஜை முழுக்கக் காஸ் துணி. கிருமி நீக்கிய பதினேழு கட்டுகளும் பிரிந்து கிடந்தன. இனி எல்லாவற்றையும் மறுபடி ஆவியில் வைக்க வேண்டும். ரேடியோ வாயை மூடிக்கொண்டு துண்டுகளைப் பத்து பத்தாகப் பரப்பிக்கொண்டிருந்தாள். அந்தக் காட்சியே மேட்ரனை வாசலில் நிறுத்தியது.

"என்ன செஞ்சு வெச்சிருக்கே?"

"இருங்க மேடம். எண்ணிட்டு இருக்கோம்."

மேட்ரன் நின்றார். பதினேழாவது வரிசை முடிந்தது.

"பதினஞ்சு கட்டு பத்து" என்றாள் அவள். "ஒரு கட்டு ஒன்பது. இதோ சீட்டு, முக்கோணம், நான் கட்டினது. காலையில பிரிச்ச கட்டும் என்னோடதுதான். அதுலயும் ஒன்பதுதான் இருந்திருக்கணும். எண்ணாம வாங்கினதும் நான்தான். எழுதிக்கங்க."

மேட்ரன் நெற்றியைத் தடவினார். "இதுக்குத்தான் உன்னைக் கீழேயே இருன்னு சொன்னேன்."

"இன்னும் ஒரு கட்டு இருக்கு மேடம்."

கடைசி வரிசையைக் காட்டினாள். மற்ற வரிசைகளைவிட அது ஒரு துண்டு நீளமாக, மேஜையின் விளிம்புக்கு வந்திருந்தது. பக்கத்தில் சீட்டு. அதில் ஒரு கறுப்புப் புள்ளி.

"பதினொண்ணு" என்றாள் ரேடியோ, அடக்க முடியாமல்.

கணக்குப்புலியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வந்தவள் வரிசையைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள், தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். "என்னோடது இல்லை" என்றாள். பிறகு, "அன்னிக்கு என் தம்பி போன் பண்ணினான்" என்றாள்.

"ஒன்பது தப்புதான் மேடம்" என்றாள் அவள். "ஒன்பது இருந்தா ஒண்ணு குறையும். நாம தேடுவோம், சண்டை போடுவோம், எக்ஸ்ரே எடுப்போம். அந்தம்மா நாப்பது நிமிஷம் அதிகமா தூங்குவாங்க. பதினொண்ணு இருந்தா? எண்ணாம பத்துன்னு எழுதுவோம். பதினொண்ணு உள்ளே போகும். பத்து வெளியே வரும். கணக்கு சரியா இருக்கும். யாரும் தேட மாட்டாங்க. கையெழுத்துப் போட்டுட்டுச் சாப்பிடப் போயிடுவோம்."

நீண்டிருந்த வரிசையின் கடைசித் துண்டை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"என் தலை அடிபட்ட தலை. அதான் நான் அதை நம்பறதில்லை. இந்தப் பதினொண்ணு யாரோட தலை? அடிபடாத தலைதானே?"

மேட்ரன் அந்தப் பதினொன்றாவது துண்டைக் கையில் எடுத்தார். நாலாக மடித்த வெள்ளைத் துணி. எடையே இல்லை. திரும்ப வைத்தார்.

"நான் சொன்னது சொன்னதுதான். ஒரு கவுண்ட் தப்பு, மடிக்கிற அறை."

"சரி. அப்ப பதினொண்ணு கட்டினவங்களை எங்கே அனுப்புவீங்க? அவங்க ஏற்கெனவே அங்கேதான் இருக்காங்க."

ரேடியோ இருமினாள். கணக்குப்புலி வாசலில் நின்றபடி தரையைப் பார்த்தாள்.

"நாளைக்குப் பேசலாம்" என்றார் மேட்ரன்.

"நாளைக்கு எனக்கு மறந்து போயிடும் மேடம். இப்பவே சொல்லிடுங்க."

மேட்ரனுக்குச் சிரிப்பு வந்ததா, கோபம் வந்ததா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு முகத்தோடு வெளியே போனார்.

வீட்டில் அன்று கணவனிடம் நடந்ததைச் சொன்னாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆக மொத்தம் மத்த லிஃப்ட்லயும் மணி வேலை செய்யலை" என்றான்.

மகள் நோட்டிலிருந்து நிமிர்ந்தாள். "நாளைக்கு எங்கேம்மா டூட்டி?"

"தியேட்டர்."

"மேட்ரன் சொல்லிட்டாங்களா?"

"நான் சொல்றேன்."

மறுநாள் காலை தியேட்டர் வாசலில் பணிப் பட்டியல் ஒட்டியிருந்தது. எல்லாப் பெயரும் நீலப் பேனாவில். இரண்டாம் தியேட்டருக்கு நேரே, மேஜை சிஸ்டர் என்ற கட்டத்தில், அவள் பெயர் பென்சிலில் இருந்தது. எப்போது வேண்டுமானாலும் அழிக்கும்படி, மெலிதாக.

அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பையிலிருந்து பேனாவை எடுத்தாள். பென்சில் எழுத்தின் மேலேயே ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினாள். கடைசிப் புள்ளியை வைத்தபோது தாள் கிழியப் பார்த்தது. பிறகு பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, தியேட்டர் கதவில், சராசரி டாக்டரின் கண் உயரத்தில் ஒட்டினாள். மகளின் குண்டுக் கையெழுத்து: எண்ணும்போது பேசாதீர்கள்.

கை கழுவி உள்ளே போனாள். முகமூடி. கையுறை. ரேடியோ பலகையைத் துடைத்துவிட்டுப் பேனாவோடு நின்றாள். முதல் கட்டின் நாடாவை அவள் அறுத்தாள்.

"ஒண்ணு."

"ஒண்ணு."

"ரெண்டு."

"ரெண்டு."

கதவு திறந்தது. பெரிய டாக்டர் ஈரக் கைகளைத் தூக்கிப் பிடித்தபடி வந்தார். அட்டையைப் படித்திருக்க வேண்டும். முகமூடிக்கு மேல் புருவம் ஏறியிருந்தது. பேசாமல் வந்து தன் இடத்தில் நின்றார். ஆறு. ஏழு. அவர் பலகையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்தார். எட்டில் அவரால் முடியவில்லை.

"பேசாமத்தானே நிக்கிறேன்?"

அவள் எட்டுத் துண்டுகளையும் திரும்ப ஒன்றாக அடுக்கினாள். விளிம்புகளைத் தட்டிச் சமன் செய்தாள்.

"முதல்லேருந்து" என்றாள்.

ரேடியோ தயாராக இருந்தாள்.

"ஒண்ணு."